பிராது கட்டிய வண்டி

பழைய டீசல் வண்டியை விற்பது இருக்கிறதே, அது மாப்பிள்ளை தேடுவதைவிடக் கேவலமான வேலை. பெண் பார்க்க வருகிறவனாவது காப்பியைக் குடித்துவிட்டு, கலந்து பேசிச் சொல்கிறோம் என்று மரியாதையாக நழுவுவான். வண்டி பார்க்க வருகிறவனுக்கு அந்த மரியாதைகூடக் கிடையாது. டயரை எட்டி உதைப்பான். கதவை அறைந்து சாத்துவான். என்ஜினை முடுக்கச் சொல்லி, சைலன்சர் வாயில் கையை வைத்து, கரி படிந்த உள்ளங்கையை நம் மூஞ்சிக்கு நேரே நீட்டுவான். என்னமோ நாம்தான் உள்ளே உட்கார்ந்து பீடி பிடித்துப் புகை விட்ட மாதிரி!

விருத்தாசலத்து நடராசன் இருபது நாளாக இதைத்தான் அனுபவித்துக்கொண்டிருந்தார். வண்டி வீட்டு வாசலில் நின்றது. முன்கண்ணாடியில் சுண்ணாம்பால் 'விற்பனைக்கு' என்று எழுதி, கீழே போன் நம்பர். பதினேழு வருஷத்து பிக்கப். பீங்கான் கம்பெனிகளிலிருந்து பியூஸ் கேரியரும் அகல் விளக்கும் பொம்மையும் ஏற்றிக்கொண்டு கடலூருக்கும் சேலத்துக்கும் ஓடிய வண்டி. எல்லாம் உடைகிற சரக்கு. வைக்கோல் மெத்தை போட்டு அடுக்கி, பள்ளம் மேடு பார்த்து உருட்ட வேண்டும். நடராசன் வண்டியில் ஏற்றினால் பொம்மைக்கு மூக்குகூட உடையாது என்று கம்பெனிக்காரர்கள் சொல்வார்கள். அந்தப் பேச்சைக் கொண்டுபோய்க் கொடுத்தால் இன்றைக்கு எந்தக் கடையிலும் ஒரு டீ கிடைக்காது, அது வேறு விஷயம்.

விற்பது காசியம்மாளுக்காக. அவர் மனைவி. தை மாசம் குழாயடியில் குடத்தோடு வழுக்கி விழுந்தவள்தான், இன்னும் எழுந்திருக்கவில்லை. இடுப்பெலும்பு. முதலில் எண்ணெய்க் கட்டுக் கட்டுகிறவரிடம் தூக்கிக்கொண்டு போய் ஒன்றரை மாசத்தைத் தொலைத்தார்கள். பிறகு புதுச்சேரிக்குப் போய் படம் எடுத்துப் பார்த்தால், மூட்டு தேறாது, மாற்றித்தான் ஆகவேண்டும் என்றார் டாக்டர். இன்னொன்றும் சொன்னார். படுத்தே கிடந்தால் முதுகில் புண் வரும், புண் வந்துவிட்டால் கத்தி வைக்க முடியாது, தள்ளிப்போடாதீர்கள். காசில்லாமல் செய்கிற இடத்தில் வரிசை நீளம், ஆடி மாசத்துக்குத்தான் நாள் கிடைத்தது. ஆடி வரைக்கும் யார் உத்தரவாதம்? காசு கட்டிச் செய்கிற இடத்துக்குப் போகவேண்டும் என்றால் வண்டி போக வேண்டும். அதற்கும் கெடு இருந்தது. மார்ச்சுக் கடைசியோடு வண்டியின் எஃப்.சி., ரோட்டில் ஓடலாம் என்கிற தகுதிச் சான்று, முடிகிறது. புது எஃப்.சி. எடுக்க வேண்டுமானால் பாடி வேலை, பெயிண்டு, டயர் என்று விற்கிற விலையில் பாதியை வண்டியே தின்றுவிடும். எடுக்காவிட்டால் அது வண்டி இல்லை, இரும்பு.

முதலில் பண்ருட்டியிலிருந்து ஒரு பலாப்பழ வியாபாரி வந்தான். புகை அதிகம் என்றான். அடுத்து கருவேப்பிலங்குறிச்சிப் பையன் ஒருத்தன். பழைய டீசல் வண்டியெல்லாம் ஓடக் கூடாது என்று நாளைக்கே ஒரு சட்டம் போட்டுவிட்டால் நான் என்ன செய்வேன் என்று செல்போனைக் காட்டிக் கேட்டான். மூன்றாவதாக வந்தவர் வேப்பூர் சுப்புராயன். ஹைவேயில் சாப்பாட்டுக் கடை வைத்திருப்பவர், கடைக்குக் காய்கறியும் தண்ணீர் கேனும் அடிக்க வண்டி வேண்டும். அவர்தான் மனுஷன். டயரை உதைக்கவில்லை. ஓட்டிப் பார்த்தார், கியர் வழுவழுவென்று விழுகிறதே என்று சந்தோஷப்பட்டார். ஒன்றே முக்கால் லட்சத்துக்குப் பேசி முடித்து, அட்வான்சும் கொடுத்துவிட்டுப் போனார். நடராசன் அன்றைக்குத்தான் பல நாளைக்கு அப்புறம் இரண்டு தோசை சேர்த்துச் சாப்பிட்டார்.

மறுநாள் காலையில் சுப்புராயன் திரும்பி வந்தார். கூடவே புரோக்கர் பழமலைநாதன், திருடனைப் பிடித்துக்கொண்டு வந்த மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு.

"அட்வான்ச குடுத்துடுங்க நடராசன்" என்றார் சுப்புராயன்.

"ஏங்க? என்னா ஆச்சி?"

"வண்டிமேல பிராது இருக்குதாமே. சொல்லவேயில்லியே நீங்க."



பிராது என்றால் போலீஸ் பிராது இல்லை. போலீஸ் பிராது இருந்தால்கூட நம் ஆள் வாங்கிவிடுவான், ஸ்டேஷனில் யாரையாவது பிடித்துக்கொள்ளலாம் என்று. இது மணவாளநல்லூர் கொளஞ்சியப்பர் பிராது. ஊரில் திருட்டுப் போனால், ஏமாற்றிவிட்டால், அடித்துவிட்டால், மனுவாக எழுதிக் கொண்டுபோய் முருகன் காலடியில் வைத்து, வேலில் கட்டிவிட்டு வருவார்கள். மூன்று மாசத்துக்குள் சாமி விசாரித்துத் தீர்ப்புச் சொல்லும். தீர்ப்பு ஆனதும் போய் ராஜினாமா எழுதிக் கொடுத்து பிராதை வாபஸ் வாங்க வேண்டும். வாங்காவிட்டால் கேஸ் நடந்துகொண்டே இருக்கும். கேஸ் நடக்கிற பொருளை எவன் தொடுவான்?

"கோர்ட்டுல கேஸ் இருந்தா வக்கீலு வச்சிக்கலாம். கொளஞ்சியப்பருகிட்ட யார வைக்கிறது?" என்றார் சுப்புராயன். கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

"யாரு சொன்னா உங்களுக்கு?"

பழமலைநாதன் தொண்டையைச் செருமினான். "மதிவாணன்தாண்ணே. வண்டி பேச வர்ற ஆளுங்ககிட்டல்லாம் அவன்தான் போயி போயி சொல்றானாம்."

மதிவாணன்! பேரைக் கேட்டதும் நடராசனுக்கு ஆத்திரம் உச்சந்தலைக்கு ஏறியது. பன்னிரண்டு வருஷம் அவர் வண்டியில் சரக்கு ஏற்றி இறக்கினவன். காசியம்மாளை அக்கா அக்கா என்று கூப்பிட்டு அவள் கையால் சோறு தின்றவன். பிராது அவன் பேரில்தான்.

நடந்தது இதுதான். போன ஐப்பசியில் நல்லூரில் ஒரு சாவு. நடராசன் பஸ்ஸில் போய்விட்டு இருட்டின பிறகு வந்தார். மறுநாள் விடியற்காலை சேலத்துக்கு லோடு. கார்த்திகை தீபத்துக்கான அகல் விளக்கு, வருஷத்துக்கு ஒரு தடவை வருகிற பெரிய லோடு. சாவியைத் திருப்பினால் சத்தமே இல்லை. இறங்கிப் பார்த்தால் பேட்டரியைக் காணோம். பின்னால் போய்ப் பார்த்தால் ஸ்டெப்னியையும் காணோம். கம்பெனிக்காரர் ஒரு மணி நேரம் பார்த்தார், இரண்டு குட்டியானை வண்டியைக் கூப்பிட்டு லோடை ஏற்றி அனுப்பிவிட்டார். அதோடு அந்தக் கம்பெனியே கைவிட்டுப் போனது. முதல் நாள் வண்டியைக் கழுவித் துடைத்து வாசலில் விட்டது மதிவாணன்தான். ஆணி எங்கே, போல்ட்டு எங்கே என்று அவனுக்குத்தான் தெரியும். நடராசனுக்கு வேறு சாட்சி வேண்டியிருக்கவில்லை. நடுத்தெருவில் வைத்துச் சட்டையைப் பிடித்தார். அவன் இல்லை என்று ஒரே ஒரு தடவை சொன்னான். அப்புறம் வாயைத் திறக்கவில்லை. பார், பேசமாட்டேன் என்கிறான், கள்ளன் முழி என்றார் நடராசன்.

அன்றைக்கே மணவாளநல்லூருக்குப் போனார். தன் கையாலேயே எழுதினார். 'என் வண்டியின் பேட்டரியையும் ஸ்டெப்னியையும் களவாடியதாக மதிவாணன் மேல் சந்தேகம். என் வண்டியை நகரவிடாமல் செய்தவர் யாராக இருந்தாலும் அவரும் நகர முடியாமல் கால் ஒடிந்து கிடையில் விழ வேண்டும்.' கட்டிவிட்டு வந்து டீக்கடை டீக்கடையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தார். சொல்லாமல் இருந்தால் பிராது கட்டின சுகம் ஏது? ஊர் முழுக்கப் பரவியது. மதிவாணனை எந்தக் கம்பெனியிலும் சேர்க்கவில்லை. அஞ்சு மாசமாக மணிமுத்தாற்றுப் பாலத்துப் பக்கம் ஒரு செங்கல் சூளையில் கிடந்தான்.

இப்போது ஊர் முழுக்கப் பரவின அந்தப் பேச்சு வாசலுக்கே திரும்பி வந்து நின்றது.

நடராசன் சைக்கிளை எடுத்துக்கொண்டு நேரே சூளைக்குப் போனார். மதிவாணன் செங்கல் அடுக்கிக்கொண்டிருந்தான். ஆள் பாதியாகியிருந்தான்.

"ஏண்டா, திருடுனது பத்தாதுன்னு என் பொழப்புலயும் மண்ணப் போடுறியா?"

மதிவாணன் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தான். "ஆமாண்ணே. நான்தான் சொன்னேன். இன்னும் யாரு வந்தாலும் சொல்லுவேன்."

"உங்கக்கா கெடையில கெடக்குறா. அவளுக்கு ஆபரேசன் பண்ணத்தான்டா விக்கிறேன். தெரியுமா ஒனக்கு?"

"தெரியும். பிராத எடுத்துடுண்ணே. எடுத்துட்டு அப்புறம் ஆபரேசன் பண்ணு."

"ஒன் பேரக் காப்பாத்திக்கப் பாக்குற."

"எம்பேரு கெடக்குது போ. அது போயி அஞ்சு மாசம் ஆவுது. நீ பிராத மட்டும் எடு. கால்ல வுழுந்து கேக்குறேன்."

சொன்னது மட்டுமில்லை, சட்டென்று குனிந்து காலைத் தொடவும் வந்தான். நடராசன் பின்வாங்கினார். பார்த்தாயா, சாமி நெருக்குகிறது, பயந்துபோய்விட்டான் என்றுதான் அவருக்குப் பட்டது. உள்ளுக்குள் ஒரு திருப்திகூட வந்தது. "ஒன் கால் ஒடியிற அன்னைக்கு எடுக்குறேன்டா" என்று சொல்லிவிட்டு சைக்கிளை மிதித்தார்.

பழமலைநாதன் விடவில்லை. கமிஷன் போகிறதே, விடுவானா? சுப்புராயனிடம் பேசி, வியாழக்கிழமை வரைக்கும் பொறுக்கச் சொன்னான். நடராசனிடம் வந்து, "எண்ணே, வீம்பு பேசிக்கிட்டிருந்தா அண்ணிக்கு முதுகுல புண்ணுதான் வரும். ஒரு ராஜினாமா எழுதிப் போட்டுட்டு வண்டிய ஒழிப்பியா?" என்றான். அடுத்த வீட்டுக் கனகாவும் அதையே சொன்னாள். காசியம்மாளைப் புரட்டிப் படுக்கவைப்பது, துடைப்பது எல்லாம் அவள்தான். "முதுகு செவந்து கெடக்குதுண்ணே. இன்னும் எத்தன நாளு?" என்று கேட்டாள்.

புதன்கிழமை மத்தியானம் நடராசன் கட்டிலுக்குப் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தார். காசியம்மாள் கஞ்சியை இரண்டு வாய் குடித்துவிட்டுப் போதும் என்றாள்.

"நாளைக்குப் போயி ராஜினாமா எழுதிடப் போறேன். வண்டி போயிடும். அடுத்த வாரம் ஒன்ன சேத்துடலாம்."

அவள் மெதுவாகத் தலையைத் திருப்பினாள். "காரணம் என்னான்னு எழுதுவீங்க?"

"என்னாத்த எழுதுறது? அவன மன்னிச்சிட்டேன்னு எழுதிட வேண்டியதுதான். மனசார மன்னிக்கல. அந்த நாயி எடுத்தது எடுத்ததுதான்."

"மதி எடுக்கலீங்க."

"ஒனக்கு என்னா தெரியும்? நீ எப்பவும் அவனுக்குத்தான் பேசுவ."

"நான்தான் எடுத்தேன்."

நடராசன் சிரித்துவிட்டார். "ஆமாம், நீ எடுத்த. எந்த ஸ்பானரால கழட்டுன?"

"நான் கழட்டல. கழட்டச் சொன்னேன். நீங்க நல்லூரு சாவுக்குப் போயிருந்தீங்களே, அன்னைக்கு சாயங்காலம் கோகுலு வந்து கழட்டிக்கிட்டுப் போனான்."

கோகுலகிருஷ்ணன் என்பவன் அவர்களுடைய ஒரே மகள் காவியா தானாகத் தேடிக்கொண்ட புருஷன். வேறு சாதி. அவள் போன அன்றைக்கே நடராசன் தலையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டார். அதற்கப்புறம் இரண்டு வருஷமாக அந்த இரண்டு பெயரையும் வீட்டுக்குள் யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை. இப்போது ஒன்று வெளியே வந்துவிட்டது.

"காவியாவுக்கு எட்டாம் மாசத்துலயே வலி கண்டுடுச்சி" என்றாள் காசியம்மாள். மூச்சு வாங்கி வாங்கிப் பேசினாள். "புள்ளயக் கண்ணாடிப் பொட்டியில வச்சிருந்தாங்க. கோகுலு கையில பஸ்ஸுக்குக்கூட காசில்ல. என் காதுல கெடந்தது ஏற்கனவே அடகுல. உங்ககிட்ட வந்து கேக்க முடியுமா? அவ பேர எடுத்தாலே செருப்பக் கழட்டுறீங்க."

"அதுக்கு? அதுக்கு வண்டியில கை வைப்பியா? சோறு போடுற வண்டியில?"

"யாரு வண்டி? என் ஏழு பவுனு சங்கிலியப் போட்டுத்தான வாங்குனீங்க? ஏழு பவுனுல ஒரு பேட்டரி என் பங்குக்கு வராதா?"

நடராசன் எழுந்தார். மறுபடி உட்கார்ந்தார்.

"சேலத்து லோடு இருக்குதுன்னு எனக்குத் தெரியாதுங்க. தெரிஞ்சிருந்தா வேற ஏதாச்சும் பாத்திருப்பேன். காலையில நீங்க மதி சட்டையப் புடிச்சீங்க. அப்பவே சொல்லணும்னு வாய் வரைக்கும் வந்துது. பயம். சாயங்காலம் கோயிலுக்குப் போயிட்டு வந்து, என்கிட்டதான சொல்லிக் காட்டுனீங்க? கால் ஒடிஞ்சி கெடையில வுழணும்னு. கேட்டுக்கிட்டே உங்களுக்குச் சோறு போட்டேன்."

தெருவில் எவனோ ஐஸ் விற்றுக்கொண்டு போனான். அவள் சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"மூணு மாசம் முடிய ஒம்போது நாளு இருந்துது. தப்பிச்சிட்டோம்னு நெனச்சேன். குழாயடியில காலு வழுக்குனப்பவே தெரிஞ்சிபோச்சி, இது வெறும் வழுக்கல் இல்லன்னு. எனக்கு ஆபரேசன் வாணாங்க. சாமி ஒடிச்ச கால எந்த டாக்டரும் ஒட்டவைக்க முடியாது. அந்தப் புள்ள மதிய மட்டும் காப்பாத்திவுடுங்க. அவன் பேரு இனிமே உங்க வாயில திருட்டுக்கு வரக்கூடாது. என்மேல சத்தியம் பண்ணுங்க."

நடராசன் கேட்டார். "கொழந்த?"

"பொம்பளப் புள்ள. வெண்பான்னு பேரு. நல்லா இருக்குது."

அவர் அவள் உள்ளங்கையில் அடித்துச் சத்தியம் செய்தார்.

வியாழக்கிழமை காலை வண்டியிலேயே மூன்று பேரும் மணவாளநல்லூருக்குப் போனார்கள். நடராசன் ஓட்ட, பக்கத்தில் சுப்புராயன், பின்னால் பழமலைநாதன். சுப்புராயன் மாலை, தேங்காய் எல்லாம் வாங்கி வந்திருந்தார். அப்படியே வண்டிக்கும் பூஜை போட்டு எடுத்துக்கொண்டு போய்விடலாம் என்று எண்ணம். கோயில் வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு, ராஜினாமா எழுதப் பேப்பரும் பேனாவும் வாங்கினார்கள். பேனாவை நடராசன் கையில் கொடுத்துவிட்டு சுப்புராயன் கேட்டார்.

"ஆளு யாருன்னு தெரிஞ்சிதா?"

"ஏன்?"

"அட, ஆளு தெரியாம ராஜினாமா பண்ணா, கேஸ பாதியில வுட்ட மாதிரிங்க. அது அப்புறம் வண்டிமேலதான நிக்கும்? எடுத்தவன் இன்னான், அவன மன்னிச்சாச்சின்னு சாமி முன்னால ஒரு வார்த்த சொல்லிடுங்க. என் மனசும் தெளிவாயிடும். அந்த மதிவாணன்தான?"

பழமலைநாதன் வேகமாகத் தலையாட்டினான். "அவனேதான். ஊருக்கே தெரியும்."

பாருங்கள், எவ்வளவு சுலபம்! ஆமாம் என்று ஒரு சொல். புதிதாகப் பொய்கூட இல்லை, அஞ்சு மாசமாகச் சொல்லிச் சொல்லித் தேய்ந்த பொய்தான். சொன்னால் வண்டி போய்விடும், மிச்சப் பணம் மத்தியானமே கையில், அடுத்த வாரம் காசியம்மாள் ஆஸ்பத்திரியில். நேற்று அவள் கையில் அடித்துச் செய்த சத்தியம் இருந்தது. சாமி எதிரில் நிற்கிறது. இரண்டாவதாக ஒரு சொல் இருந்தது, பொண்டாட்டிதான் என்று. அதையும் சொல்லலாம். வீட்டுக்குள் எடுத்தது திருட்டாகாது என்று சுப்புராயன் சிரித்துக்கொண்டே வண்டியை எடுத்துப்போவார். ஆனால் பழமலைநாதன் பக்கத்தில் நிற்கிறானே! சாயங்காலத்துக்குள் ஊர் முழுக்க, புருஷன் கட்டின பிராதில் பொண்டாட்டி கால் ஒடிந்த கதை டீக்கு நாலு பிஸ்கட்டாகப் போகும். கிடையில் கிடக்கிறவளைப் பார்க்க வருகிற மாதிரி வந்து திருடியைப் பார்த்துவிட்டுப் போவார்கள்.

"நான்தாங்க" என்றார் நடராசன்.

"என்னா நீங்கதான்?"

"பேட்டரிய நான்தான் வித்தேன். சாவுக்குப் போயிட்டு வந்த அன்னைக்கு. குடிச்சிருந்தேன். வித்தது ஞாபகமில்ல. மதி எடுக்கல. அவன் ஒரு பாவமும் அறியாதவன். இத நீங்க யாருகிட்ட வேணும்னாலும் சொல்லலாம்."

சுப்புராயன் அவரை ஏற இறங்கப் பார்த்தார். நடராசன் குடிக்கிறவர் இல்லை என்று பழமலைநாதனுக்குத் தெரியும். வாயைப் பிளந்துகொண்டு நின்றான்.

"அப்ப பொய்ப் பிராதா?" என்றார் சுப்புராயன், குரலைத் தாழ்த்திக்கொண்டு.

"ஆமாம்."

"அடப்பாவி மனுசா! உண்மப் பிராதுன்னாகூட எடுத்தவனோட போவும். பொய்ப் பிராது கட்டுனவன்மேலயும் அவன் பொருள்மேலயும்ல திரும்பும்? இந்த வண்டிய நான் எப்படிங்க ஹைவேயில ஓட்டுறது? எனக்குப் புள்ளகுட்டி இருக்குதுங்க."

மாலையைச் சாமிக்கே சாத்தி, தேங்காயை உடைத்துவிட்டு, அட்வான்சைத் திருப்பி வாங்கிக்கொண்டு அவர் வேப்பூருக்கு பஸ் ஏறிவிட்டார். பழமலைநாதனும் அதே பஸ்ஸில் போனான். நடராசன் ராஜினாமாவை எழுதினார். 'பொருள் கிடைத்துவிட்டது. யார் மேலும் குற்றமில்லை.' கட்ட வேண்டியதைக் கட்டி, விபூதி வாங்கிக்கொண்டு, தனியாக வண்டியை ஓட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தார்.

மார்ச்சு முடிய மூன்று நாள் இருந்தது. ஒரு போன் வரவில்லை. பொய்ப் பிராது வண்டி என்று பரப்பாமல் பழமலைநாதன் சும்மா இருப்பானா? மூன்றாம் நாள் நடராசன் வண்டியைக் காயலான் கடைக்கு ஓட்டிக்கொண்டு போனார். கடைக்காரன் சொன்ன தொகை, சுப்புராயன் பேசின விலையில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. சொன்னதைக் கொடு என்று சாவியை நீட்டிவிட்டார். கடைக்காரன் முதல் வேலையாக ஸ்பானரை எடுத்துக்கொண்டு போய் பேட்டரியைக் கழற்றினான். கார்த்திகையில் கடன் வாங்கிப் போட்ட புது பேட்டரி.

"இதுக்குத் தனியா ரெண்டாயிரத்தி ஐநூறு தரேன்" என்றான்.

நடராசன் அதையே பார்த்துக்கொண்டு நின்றார். இவ்வளவுதானா? இந்த ரெண்டாயிரத்து ஐநூறுக்கா? பிள்ளையைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்துக்கொண்டு, இதைக் கேட்கவா அவளுக்கு வாய் வரவில்லை? கேட்டிருந்தால் கொடுத்திருப்பேனா என்று தன்னையே கேட்டுப் பார்த்தார். மாட்டார். அது அவருக்கு நன்றாகத் தெரிந்தது.

வீட்டுக்கு வந்தபோது கனகா வாசலில் நின்றுகொண்டிருந்தாள். காசியம்மாளுக்கு மத்தியானத்திலிருந்து காய்ச்சல். முதுகில் தோல் உரிந்து நீர் வடிகிறது. நடராசன் புதுச்சேரி டாக்டருக்குப் போன் போட்டார். கொண்டுவாருங்கள், முதலில் புண்ணுக்கும் காய்ச்சலுக்கும் பார்க்க வேண்டும், மூட்டு விஷயம் அப்புறம்தான் என்றார் அவர். அப்புறம் என்றால் எப்போது என்று கேட்டதற்கு, இப்போது சொல்ல முடியாது என்றார்.

விடிந்ததும் அவர் சூளைக்குப் போனார். மதிவாணன் பல் விளக்கிக்கொண்டிருந்தான். அவனை நேராகப் பார்க்க முடியாமல், அடுக்கி வைத்த செங்கல்லைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"மதி, நீ எடுக்கலடா. நான்தான் குடிச்சிட்டு வித்துட்டேன். ஊருல சொல்லிட்டேன். என்ன நாலு சாத்து சாத்தணும்னாலும் சாத்து."

மதிவாணன் வாயைக் கொப்பளித்துத் துப்பினான். "நீ என்னைக்குக் குடிச்ச? பொய் சொல்லாதண்ணே."

"பொய் இல்லடா..."

"பேட்டரிய வித்தது எங்க மச்சானோட பழைய பேட்டரிக் கடையில. கோகுலு தூக்கிக்கிட்டு வந்தப்ப நான் அங்கதான் ஒக்காந்திருந்தேன். புள்ளைக்கின்னு அழுதுகிட்டே குடுத்துட்டுப் போச்சி. அக்கா குடுத்துவுட்டுதுன்னு அதுவே சொல்லிச்சி."

நடராசன் செங்கல் மேலேயே உட்கார்ந்துவிட்டார். "தெரியுமா? அப்பவே தெரியுமா ஒனக்கு?"

"தெரியும்."

"தெரிஞ்சிகிட்டா இத்தன மாசம்... ஊரு ஒன்னத் திருடன்னு காறித் துப்புச்சே. ஏண்டா சொல்லல?"

"சொல்லியிருந்தா நீ அக்காவ என்னா பண்ணியிருப்ப?"

நடராசன் யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. "காலை ஒடிச்சிருப்பேன்" என்றார்.

"அதான் சொல்லல."

மதிவாணன் வாயைத் துடைத்துக்கொண்டு சொன்னான். "அக்கா வுழுந்துட்டுதுன்னு கேட்டதும் எனக்கு ஈரக்கொலை நடுங்கிப்போச்சி. பிராத எடுக்காம கத்தி வச்சா அக்கா பொழைக்காதுன்னு பயம். நேரா சொன்னா நீ கேக்கமாட்ட. வண்டி விக்கலன்னா தானா எடுப்பன்னுதான் வர்றவங்களயெல்லாம் கலச்சேன். நாளு இவ்ளோ ஓடும்னு நெனக்கலண்ணே. எடுத்துட்டியா?"

"எடுத்துட்டேன்."

"வண்டி?"

"இரும்புக்குப் போயிடிச்சி. அக்காவுக்கு முதுகுல புண்ணு வந்துடிச்சிடா."

மதிவாணன் தலையில் அடித்துக்கொண்டான். அடுத்த நொடி சூளைக்காரரிடம் ஓடி, கல் ஏற்றுகிற குட்டியானையின் சாவியைக் கேட்டு வாங்கிக்கொண்டு வந்தான். வழியில் நிறுத்தி ஒரு கட்டு வைக்கோல் போட்டுக்கொண்டான். வீட்டு வாசலில், நேற்று வரை பிக்கப் நின்ற இடத்தில் கொண்டுவந்து நிறுத்தினான். பன்னிரண்டு வருஷமாகப் பொம்மைக்கும் அகலுக்கும் போட்ட மாதிரியே வைக்கோலைப் பரப்பி, மேலே பாயை விரித்தான்.

காசியம்மாளுக்குக் காய்ச்சலில் கண் சிவந்திருந்தது. அவனைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்து கையைக் கூப்பினாள். அவன் அந்தக் கையைப் பிடித்துக் கீழே இறக்கிவிட்டான். நடராசன் தலைமாட்டைப் பிடித்துக்கொள்ள, கனகா இடுப்பைத் தாங்க, மதிவாணன் கால் பக்கம் வந்து குனிந்தான். தூக்கினதும் அவள் வலியில் கத்தினாள்.

"மெதுவாத் தூக்கு மதி" என்றாள். "அது உங்கண்ணன் எழுதி வாங்குன காலு."

மதிவாணன் நிமிர்ந்து பார்க்காமல் காலை இன்னும் கொஞ்சம் தூக்கிப் பிடித்துக்கொண்டான். நடராசன் பின்னோக்கி நடந்து, அவளை வாசலுக்கு வெளியே கொண்டுவந்தார்.